நான் கத்தலாமா, டாக்டர்?

ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்று துடித்தவள் தங்கை. அக்கா சும்மா துணைக்குப் போனவள்.

தங்கைக்குத் தபால் நிலையத்தில் கவுன்ட்டர் வேலை. பக்கத்து கவுன்ட்டரில் பல வருஷமாக உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தி, வயிற்றுவலி என்று லீவு போட்டுவிட்டுப் போனவள், திரும்பி வரவேயில்லை. என்னவென்று கண்டுபிடித்தபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது. அன்றிலிருந்து தங்கைக்கு உடம்பில் எங்கே சுருக்கென்றாலும் மனசு பகீரென்றது. தோள் வலித்தால் நெஞ்சுவலியோ என்பாள். இரண்டு ஏப்பம் சேர்ந்து வந்தால் குடலில் என்னவோ என்பாள். தலை முதல் கால் வரை ஒரே நாளில் பார்த்துச் சொல்கிறோம் என்று புதிதாகத் திறந்த ஸ்கேன் சென்டர் ஒன்று விளம்பரம் செய்ததும், முதல் ஆளாகப் பதிவு செய்துகொண்டாள். இரண்டு பேராக வந்தால் சலுகை என்றார்கள். அக்காவை இழுத்தாள்.

“எனக்கு எதுக்குடி? நான்தான் கல்லு மாதிரி இருக்கேனே.”

“நீ சும்மா வந்து படுத்திரு. எனக்குத் தனியா போக பயமா இருக்கு.”

அக்கா டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தாள். ஸ்கூல் என்றால் ஒரு கார், அதன் தலையில் ஒரு பலகை, பிறகு அக்கா. கற்றுக்கொள்பவர் ஸ்டியரிங்கைப் பிடிக்க, அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. யாரும் தப்புச் செய்வதற்கு ஒரு நொடி முன்பே அவள் கால் அதன் மேல் போய்விடும். அதற்கும் முன்பே வாய் திறந்துவிடும். “எங்க பாக்குற? ரோட்டைப் பாரு! ரோடு என்ன உன் மடியிலயா இருக்கு?” என்று அவள் போடும் சத்தம் எதிரே வரும் வண்டிக்கும் கேட்கும். அவளிடம் கற்றவர்கள் எல்லாரும் அவளை ‘பிரேக் அக்கா’ என்றார்கள். திட்டு வாங்கிய பிறகும் தங்கள் பிள்ளைகளையும் அவளிடமே அனுப்பினார்கள்.

ஸ்கேன் சென்டரில் நகையெல்லாம் கழற்றி வாங்கிக்கொண்டு, பருத்தி அங்கி ஒன்றைக் கொடுத்து, குகை போன்ற எந்திரத்துக்குள் தள்ளினார்கள். உள்ளே டமடமவென்று சத்தம். தங்கை அழுதுவிட்டாள். பாதியில் வெளியே எடுத்து, தண்ணீர் கொடுத்து, மறுபடி உள்ளே அனுப்ப வேண்டியிருந்தது. அக்காவோ அந்தச் சத்தத்திலேயே தூங்கிப்போனாள். வெளியே எடுத்தபோது, “அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?” என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டாள்.

சில நாள் கழித்து, காலை வகுப்பை முடித்துவிட்டு அக்கா காருக்குள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். சென்டரிலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். குரலில் தேன் ஒழுகியது.

“ரிப்போர்ட் வந்திடுச்சு மேடம். பயப்பட ஒண்ணுமில்ல.”

எடுத்த எடுப்பிலேயே பயப்பட ஒன்றுமில்லை என்றதும்தான் அக்காவுக்குப் பயம் வந்தது.

“தலைக்குள்ள ஒரு ரத்தக்குழாய்ல சின்னதா ஒரு வீக்கம் தெரியுதுன்னு போட்டிருக்காங்க. மூளை டாக்டர் யாரையாவது பாத்துடுங்க.”

“வீக்கம்னா? என்ன வீக்கம்?”

“அதை டாக்டர்தான் சொல்லணும் மேடம். நாங்க படம் எடுக்கிறதோட சரி.”

“என் தங்கச்சிக்கு?”

“அவங்களுக்குக் கல்லீரல்ல கொஞ்சம் கொழுப்பு. எண்ணெயைக் குறைச்சுக்கச் சொல்லுங்க. வேற ஒண்ணுமே இல்ல.”

அக்கா போனை வைத்துவிட்டு, பாதி டீயை ஜன்னல் வழியாகக் கொட்டினாள். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். அதே முகம்தான். தலையை மெதுவாக ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாள். எதுவும் குலுங்கவில்லை. கார் சாவியைத் திருகப் போன கை அப்படியே நின்றுவிட்டது. ஓட்டுகிற நேரத்தில் ஏதாவது ஆகிவிட்டால்? பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறவரின் கதி? அடுத்த வகுப்புக்காரரிடம் தனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, காரை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள். இருபது வருஷத்தில் அவள் வகுப்பை ரத்து செய்தது அதுவே முதல் தடவை.

அவள் வீட்டுக்காரர் தெருமுனையில் பூட்டு, சாவிக் கடை வைத்திருந்தார். யார் சாவியைத் தொலைத்தாலும், யார் வீட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்டாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். எல்லாரும் அவரைப் பூட்டுக்காரர் என்றார்கள். அக்கா கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது அவர் ஒரு சாவியை ராவிக்கொண்டிருந்தார். அரத்தைக் கீழே வைத்தார். வாயிலிருந்த சிகரெட்டை அணைத்தார். எழுந்து, தான் உட்கார்ந்திருந்த முக்காலியை அவளிடம் நகர்த்தினார்.

“வலிக்குதா?”

“இல்ல.”

“எப்பவாவது வலிச்சுதா?”

“உங்ககூடக் கத்திக் கத்தி வர்ற தலைவலியைத் தவிர வேற எதுவும் இல்ல.”

அவரைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

அதோடு வீட்டில் சத்தம் நின்றது. அதுவரை அந்த வீட்டில் சண்டை இல்லாத நாள் கிடையாது. ஜன்னலைத் திறப்பதா மூடுவதா, டிவி சத்தம் அதிகமா குறைவா, ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டது யார் என்று காலையில் ஆரம்பிக்கும். இரண்டு பேருக்குமே அது மூச்சு விடுவது மாதிரி. இப்போது பூட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் “சரிம்மா” என்றார். அவள் மூடிய ஜன்னலை அவர் திறக்கவில்லை. பாத்திரங்களை அவரே கழுவினார். கழுவிய பிறகும் எல்லாவற்றிலும் பிசுக்கு ஒட்டியிருந்தது. அக்காவும் வாயை மூடிக்கொண்டு, அவர் கடைக்குப் போனதும் திரும்பக் கழுவினாள். கதவைக்கூட, குழந்தை தூங்கும் வீட்டில் சாத்துவது போல்தான் அவர் சாத்தினார்.

தங்கை தினமும் ஆபீஸ் விட்டு நேராக இங்கே வந்தாள். இன்டர்நெட்டில் படிக்காதது எதுவும் பாக்கியில்லை. குனியாதே, கனமானதைத் தூக்காதே, முக்காதே, பெருசாய்த் தும்மாதே.

“தும்மல் வந்தா என்னடி பண்றது?”

“மெதுவா தும்மு.”

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “சிரிக்காத, சிரிக்காத!” என்று தங்கை பதறினாள்.

மூளை அறுவை டாக்டரைப் பார்க்க மூன்று பேரும் போனார்கள். நரைத்த மீசை, நிதானமான பேச்சு. படத்தைத் திரையில் போட்டார். கறுப்புக்குள் வெள்ளைக் கொடிகள் போல ரத்தக்குழாய்கள் பிரிந்து பிரிந்து போயின. ஒரு கிளை பிரிகிற இடத்தில் பேனா முனையை வைத்தார். அங்கே ஒரு மொட்டு. அது இருப்பதே அவர் காட்டிய பிறகுதான் தெரிந்தது.

“இதுதான். குழாயோட சுவர் இந்த இடத்துல கொஞ்சம் பலவீனம். அதனால உப்பியிருக்கு. எப்ப வந்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாது. இருபது வருஷமா இருந்திருக்கலாம். நூறு பேரை நிறுத்தி வச்சுப் படம் எடுத்தா ரெண்டு மூணு பேருக்கு இது இருக்கும். பெரும்பாலானவங்க இது இருக்கிறதே தெரியாம நூறு வயசு வரைக்கும் வாழ்ந்துட்டுப் போயிடுவாங்க.”

“வெடிக்காதா?” என்றாள் தங்கை.

“வெடிக்கவே வெடிக்காதுன்னு நான் எழுதித் தர முடியாது. ஆனா இவ்வளவு சின்னதா, இந்த இடத்துல இருக்கிறது வெடிக்கிறது ரொம்ப ரொம்ப அபூர்வம். அதை அடைக்கப் போனா அதுலயும் ஆபத்து உண்டு. இவங்க விஷயத்துல சும்மா விடுறதைவிடத் தொடறதுதான் அதிக ஆபத்துன்னு நான் நினைக்கிறேன். இவங்களுக்கு ரத்த அழுத்தமும் கொஞ்சம் கூடுதலா இருக்கு. மாத்திரை எழுதித் தர்றேன், அது ஏறாம பாத்துக்கணும். ஒரு வருஷம் கழிச்சு மறுபடி படம் எடுப்போம். குடும்பத்துல யாராவது திடீர்னு தவறினாங்களா?”

அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுடைய அப்பா துணிக் கிடங்கில் வேலை பார்த்தவர். ஒரு நாள் வேலைக்கு நடுவில் சரிந்து விழுந்தார், எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்று எல்லாரும் சொன்னார்கள். யாரும் திறந்து பார்க்கவில்லை.

“அது இதுவான்னு இனிமே தெரிஞ்சுக்க வழியில்லம்மா,” என்றார் டாக்டர். “சின்னவங்க படத்தையும் பாத்துட்டேன். சுத்தமா இருக்கு. பெரியவங்க சிகரெட் பிடிப்பீங்களா?”

“நானா? அவர்தான் பிடிப்பார்.”

டாக்டர் பூட்டுக்காரரைப் பார்த்தார். பூட்டுக்காரர் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார்.

“டாக்டர், நான் வண்டி ஓட்டலாமா? ஓட்டக் கத்துக்கொடுக்கலாமா?”

“தாராளமா. வலிப்பு, மயக்கம் எதுவும் கிடையாதே. அப்படி ஏதாவது வந்தா மட்டும் நிறுத்திட்டு என்கிட்ட வாங்க. திடீர்னு இதுவரைக்கும் வராத மாதிரி பயங்கரமான தலைவலி வந்தா, உடனே ஆஸ்பத்திரிக்கு வரணும். அவ்வளவுதான்.”

அக்கா தயங்கினாள். பிறகு கேட்டேவிட்டாள்.

“நான் கத்தலாமா, டாக்டர்?”

“யாரை?”

“இவரைத்தான். அப்புறம் ஓட்டத் தெரியாம ஓட்டுறவங்களை.”

டாக்டர் முதல் முறையாகச் சிரித்தார். “அழுத்த மாத்திரையை மறக்காம போடுங்க. அப்புறம் உங்க இஷ்டம்.”

இதோடு முடிந்திருக்க வேண்டும். தங்கைக்கு முடியவில்லை. அப்பா விழுந்த நாளன்று காலையில் தலைவலி என்று சொன்னாராம். அம்மா எப்போதோ சொன்னதை இப்போது ஞாபகப்படுத்திக்கொண்டு, அதையே சுற்றிச் சுற்றி வந்தாள். இன்னொரு டாக்டரைப் பார்க்கலாம் என்றாள். பூட்டுக்காரர் கடையை விட்டு வர முடியாத நாளில், அக்காவைத் தானே அழைத்துப் போனாள். அந்த டாக்டர் இளைஞர், கெட்டிக்காரர். தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, மேலே வரை கொண்டுபோய், அந்த மொட்டை அடைத்துவிடலாம் என்றார். வேண்டாம் என்றால் விட்டுவிடவும் செய்யலாம். இரண்டுக்குமே நியாயம் இருக்கிறது, முடிவு உங்களுடையது என்றார்.

ஆஸ்பத்திரி வண்டி நிறுத்துமிடத்திலேயே ஆரம்பித்துவிட்டது.

“அடைச்சிடலாம்க்கா. ஒரு தடவை பல்லைக் கடிச்சுக்கிட்டா தீர்ந்தது.”

“ஆபரேஷன் மேஜையில ஏதாவது ஆச்சுன்னா?”

“ஆகாது.”

“வெடிக்காதுன்னு அவர் சொன்னா நம்ப மாட்ட. ஆகாதுன்னு நீ சொன்னா நான் நம்பணுமா?”

“உன்னை அங்க கூட்டிட்டுப் போனது நான். நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா நான் எப்படி இருப்பேன்? அதை யோசிச்சியா?”

அக்காவுக்கு அந்தக் கணத்தில் எங்கிருந்துதான் அப்படியொரு கோபம் வந்ததோ. “நீ கூட்டிட்டுப் போகாம இருந்திருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன். உன் பயத்தை என் தலையில கட்டிட்ட. இப்ப அதை அறுத்தும் எடுக்கணுமா?”

தங்கையின் முகம் சுண்டிப்போனது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். அக்கா கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் திரும்பியிருக்க மாட்டாள்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. போனும் இல்லை.

டாக்டர் பார்த்த பார்வையிலேயே பூட்டுக்காரர் சிகரெட்டை விட்டிருந்தார். வாழ்நாள் பழக்கம், லேசில் விடுமா? கை எதையாவது தேடிக்கொண்டே இருந்தது. கடையில் சாவி ஒன்றைத் தப்பாக ராவி, ஒரு வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்கினார். அன்று மாலை வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். அதன் மேல் ஈரத் துண்டு கிடந்தது.

“இந்த வீட்டுல துண்டுக்குன்னு ஒரு கம்பி இருக்கா இல்லையா? எத்தனை தடவைதான் சொல்றது? மனுஷன் உட்கார ஒரு இடம் இருக்கா இங்க?”

சொல்லி முடித்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. யாரோ கண்ணாடிப் பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டதைப் போல அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா கரண்டியோடு சமையலறையிலிருந்து வெளியே வந்தாள்.

“கம்பி ஆடுதுன்னு நான் சொல்லி எத்தனை மாசம் ஆச்சு? ஊர்ல இருக்கிற பூட்டையெல்லாம் திறக்கத் தெரியுது, வீட்டுல ஒரு ஆணி அடிக்கத் தெரியல! அப்புறம், பாத்திரம் கழுவுறேன்னு ஒரு கூத்து. நீங்க கழுவினதையெல்லாம் நான் திரும்பக் கழுவிட்டிருக்கேன், தெரியுமா?”

“திரும்பக் கழுவினியா? எல்லாத்தையுமா?”

“ஒண்ணு விடாம.”

“அப்ப ஏன் அன்னிக்கே சொல்லல?”

“நீங்க ஏன் இத்தனை நாளா ஜன்னலைத் திறக்கல?”

அவர் ஈரத் துண்டோடேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நீ தூங்கும்போது மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டே படுத்திருக்கேன்,” என்றார் அவர். “தெனமும்.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“நீங்க பாக்குறீங்கன்னு நான் கொஞ்சம் சத்தமாவே மூச்சு விட்டேன்.”

அவர் அழுதுகொண்டே சிரித்தார். அவளும்தான். அடுப்பில் எதுவோ தீய்கிற வாசனை வந்த பிறகுதான் இரண்டு பேரும் எழுந்தார்கள்.

“நான் ஆபரேஷன் பண்ணிக்கப் போறதில்லங்க,” என்று அக்கா சொன்னாள். “எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு பயத்துல, இப்படியே விடுற பயத்தோட என்னால வாழ முடியும்னு தோணுது. நீங்க என்ன சொல்றீங்க?”

அவர் தீய்ந்த பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கினார். “நான் சொன்னா நீ கேக்கவா போற?”

“கேப்பேன். இதுல கேப்பேன்.”

“எனக்கும் அப்படித்தான் தோணுது. முதல் டாக்டர் முகத்தைப் பாத்தப்பவே தோணுச்சு. உன் தங்கச்சி அழும்போதெல்லாம்தான் மனசு ஆடிப்போகுது.”

வகுப்புகளை அக்கா மறுபடி ஆரம்பித்தாள். முதல் ஆள், ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார். கற்றுக்கொள்ள வந்தவர் அவளை ‘டீச்சர்’ என்பார். அவள் அவரை ‘சார்’ என்பாள். பிரேக் போடுவதற்கு முன் பிரேக்கைப் பற்றிப் பாடம் நடத்துகிற ரகம் அவர். அக்காவுக்கு உள்ளே இன்னும் உதறல் இருந்தது. அவர் எது செய்தாலும் “நல்லது சார், பரவாயில்ல சார்” என்று பஞ்சு மாதிரிப் பேசினாள். அவர் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

மார்க்கெட் திருப்பத்தில் ஒரு தள்ளுவண்டி குறுக்கே வந்தது. வாத்தியார் கியரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவின் கால் தானாகப் போய் அழுத்தியது. கார் முக்கி நின்றது.

“வாயை மூடிட்டு ரோட்டைப் பாருங்க சார்! பாடமெல்லாம் வண்டி நின்ன பிறகு நடத்துங்க! அந்த ஆளுக்கு ரெண்டு காலும் வேணுமா வேணாமா?”

தள்ளுவண்டிக்காரரே ஒரு நிமிஷம் மிரண்டு நின்றார். வாத்தியார் பெருமூச்சு விட்டார்.

“அப்பாடா. என்மேல ஏதோ கோபம்னு நினைச்சேன் டீச்சர். இவ்வளவு மரியாதையா பேசினா எனக்குக் கை நடுங்குது.”

அக்கா நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். வியர்வை மட்டும்தான். “ஃபர்ஸ்ட் கியர் போடுங்க,” என்றாள்.

வகுப்பு முடிந்ததும் நேராகத் தபால் நிலையத்துக்குப் போனாள். தங்கை கவுன்ட்டருக்குப் பின்னால் தலை குனிந்து பார்சலில் முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். வரிசையில் நின்றாள் அக்கா. முறை வந்ததும் கண்ணாடி ஓட்டை வழியாகக் குனிந்தாள்.

“என்ன வேணும்?” என்றாள் தங்கை, நிமிராமல்.

“என் தங்கச்சி.”

தங்கை நிமிர்ந்தாள். கண் உடனே நிறைந்துவிட்டது. “பின்னாடி ஆள் நிக்குது,” என்றாள்.

“நிக்கட்டும். நான் உன்கிட்ட அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.”

“நீ சொன்னது நிஜம்தானே? என் பயத்தை உன் தலையிலதானே கட்டினேன்.”

“அது அங்க முன்னாடியே இருந்ததுடி. நீ லைட் போட்டுக் காட்டின. அவ்வளவுதான். மொதல்ல எனக்கு லைட் போட்டவ மேல கோபம். இப்ப, ரத்த அழுத்தம்னு ஒண்ணு எனக்கு இருக்கிறதே அதனாலதான் தெரிஞ்சுதுன்னு வச்சுக்கிறேன். ஆபரேஷன் வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். மாமாவுக்கும் அதுதான் சரின்னு படுது. நீ ஒத்துக்கணும்னு இல்ல. ஆனா கூட இருக்கணும்.”

தங்கை மூக்கை உறிஞ்சினாள். “படிக்கிறதை நிறுத்திட்டேன்க்கா. நெட்டுல. படிக்கப் படிக்க எனக்கே தலை வலிக்க ஆரம்பிச்சிடுச்சு.”

“ஏம்மா, ஸ்டாம்ப் வேணும்,” என்றார் பின்னால் நின்றவர்.

“இருங்க சார், குடும்ப விஷயம்,” என்றாள் அக்கா. வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அந்த வருஷம் எப்படிப் போனது என்று கேட்டால் அக்கா நேர்மையாகத்தான் சொல்வாள். சில நாள் அதன் நினைப்பே வரவில்லை. சில நாள் பல் தேய்க்கும்போது லேசாகத் தலை கனத்தாலும் கை கால் சில்லிட்டுப் போகும். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், பிறகு ஒன்றுமில்லை என்று தெரியும். அந்த மாதிரி நாட்களில் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று கற்றுக்கொண்டாள். முன்பெல்லாம் மறைத்துவிடுவாள். மாத்திரையை ஒரு நாளும் தவறவிடவில்லை. பூட்டுக்காரர் இரண்டு தடவை சிகரெட்டுக்குத் திரும்பி, இரண்டு தடவையும் தானாகவே ஒப்புக்கொண்டு, மூன்றாம் தடவை ஒரேயடியாக விட்டார்.

வருஷம் முடிந்து மறுபடி படம் எடுத்தார்கள். நரைத்த மீசை டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகு நேரம் பார்த்தார். அந்த நேரம் முழுவதும் தங்கை அக்காவின் கையைப் பிடித்திருந்த பிடியில் அவள் விரல் மரத்துப்போனது.

“அதேதான். ஒரு நூல்கூட வளரல,” என்றார். “இனி ரெண்டு வருஷம் கழிச்சு வந்தா போதும்.”

ஆஸ்பத்திரி கேன்டீனில் மூன்று பேருக்கும் காபி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். காலையிலிருந்து யாரும் எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பூட்டுக்காரர் ரொட்டி வாங்க எழுந்து போனார்.

“இப்ப பயம் போயிடுச்சாக்கா?” என்று தங்கை கேட்டாள்.

அக்கா காபியை ஊதினாள்.

“முழுசா போகல. ஆனா தெனமும் வர்றதில்ல. வந்தாலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போயிடுது. உனக்கு?”

“எனக்கு இன்னும் தெனமும் வருது.”

“அப்ப தெனமும் எனக்குப் போன் பண்ணு,” என்று சொல்லி, அக்கா தன் காபியிலிருந்து கொஞ்சத்தைத் தங்கையின் கோப்பையில் ஊற்றினாள். அது எப்போதோ காலியாகியிருந்தது.